கோழிக்கு வரும் வைரஸும் புற்றுநோய் செல்லின் மேலுறையும்

(ஹெப்பகோடியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பேச அழைத்த செயலாளர், "ஸயன்ஸ் பேசுங்கோ, ஆனா அரை மணிக்கு மேலே போகாதேங்கோ" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நான் விஞ்ஞானியும் இல்லை, டாக்டரும் இல்லை. 1971-ல் விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்தேன். மறு வருஷம் தமிழ்நாடு அரசின் கால்நடைத் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 37 வருஷம் ஃபைல் பார்த்து, நிர்வாக அதிகாரியாக ஓய்வு பெற்றேன். அதற்கப்புறம் பிள்ளையோடு இங்கே வந்துவிட்டேன். ஆகவே நான் சொல்லப்போவது படித்தும் கேட்டும் புரிந்துகொண்டது மட்டுமே.

எடுத்துக்கொண்ட விஷயம், வைரஸ் தொற்றினால் புற்றுநோய் செல்லின் மேல் சவ்வு எப்படி மாறுகிறது என்பது. இதை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதற்கு ஒரு குடும்பக் காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றது புரியும்.

என் மூத்த அக்காவின் கணவர், அத்திம்பேர், கும்பகோணத்தில் இருந்தார். 2018-ல் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்து ஆபரேஷன் ஆயிற்று. ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலில் புள்ளிகள். அந்தச் சமயத்தில் உறவுக்காரப் பையன் ஒருவன், வெளிநாட்டில் ஒரு க்ளினிக்கில் கோழிக்கு வரும் ஒரு வைரஸை உடம்பில் செலுத்திப் புற்றுநோயைக் குணப்படுத்துகிறார்களாம் என்று தகவல் கொண்டுவந்தான். போக வர, தங்க, சிகிச்சை எல்லாம் சேர்த்து 32 லட்சம் ரூபாய். அத்திம்பேருக்குச் சொத்து என்று இருந்தது அந்த ஒரு வீடுதான். அதை விற்பதற்குத் தரகரிடம் பேசிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"ஏண்டா, நீ ஸயன்ஸ் படிச்சவன். கோழி டிபார்ட்மெண்ட்ல வேற இருந்தே. இது நிஜமா, புரளியா? நீ சொல்றபடி நான் செய்யறேன்."

எந்த வைரஸ் என்று விசாரித்தேன். பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆங்கிலத்தில் நியூகாஸில் நோய் என்பார்கள். நம் துறையில் அதற்குப் பெயர் ராணிக்கெட்.

கொங்கு நாட்டுப் பக்கம் வெள்ளைக் கழிச்சல் என்றால் எல்லோருக்கும் தெரியும். கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு விழும், இரண்டு நாளில் பண்ணையே காலி. 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸில் ஊரிலும் கண்டார்கள். 1927-ல் குமாவுன் மலையில் ராணிக்கெட்டில் தலைகாட்டியது. அதனால் இந்தியாவில் அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு அழகான மலை வாசஸ்தலத்துக்கு இப்படி ஒரு பெருமை! இதற்கான தடுப்பு மருந்தை ராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கிறது. 1932-ல் தொடங்கிய பழைய நிறுவனம். ராணிக்கெட், ராணிப்பேட்டை என்று இரண்டையும் மாற்றி மாற்றி எழுதி வரும் ஃபைல்களைத் திருத்துவதே எனக்கு ஒரு வேலையாக இருந்தது. குஞ்சுகளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு, வளர்ந்த கோழிக்கு இறக்கையடியில் ஊசி. கோழி முட்டையைக் கையால் தொட்டிராத நான் எத்தனை லட்சம் டோஸுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த வைரஸ் மனுஷனின் புற்றுநோயை என்ன செய்யும்? எனக்குத் தெரியாது. "ரெண்டு வாரம் டைம் குடுங்கோ அத்திம்பேர்" என்றேன்.

அந்த இரண்டு வாரத்தில் படித்ததையும், அதற்குப் பிறகு இத்தனை வருஷமாகப் படித்ததையும்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

முதலில் சவ்வு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு மேலுறை உண்டு. கனம் ஏழு, எட்டு நானோமீட்டர். ஒரு காகிதத்தின் கனத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நான் கல்லூரியில் படித்தபோது, நடுவில் கொழுப்பு, இரு புறமும் புரதம், ஸாண்ட்விச் மாதிரி என்று படம் வரைந்து பத்து மார்க் வாங்கினேன். நான் வெளியே வந்த மறு வருஷம், 1972-ல், ஸிங்கர், நிக்கல்ஸன் என்ற இரண்டு பேர் அந்தப் படம் சரியல்ல என்று எழுதிவிட்டார்கள். கொழுப்பு ஒரு எண்ணெய்ப் படலம் போல நகர்ந்துகொண்டே இருக்கிறது, புரதங்கள் அதில் மிதக்கின்றன, சில உள்ளிருந்து வெளியே தலைநீட்டுகின்றன என்பதுதான் இன்றைய பாடம். வெளியே நீட்டியிருக்கும் அந்தத் தலைகளின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. வெளியுலகத்துக்கு அந்தச் செல்லைப் பற்றித் தெரிவதெல்லாம் இந்தத் தலைகளும் சர்க்கரையும்தான்.

இதற்கு உதாரணம் தேட நாம் தூரம் போக வேண்டியதில்லை. வெளியூர் உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன்: ஹெப்பகோடி என்பது பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில் எலெக்ட்ரானிக் ஸிட்டியைத் தாண்டி உள்ளது. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்த பிறகு இங்கே வருவது சுலபம். இறங்க வேண்டிய ஸ்டேஷனின் பெயரே 'பயோகான் ஹெப்பகோடி'. 1978-ல் பப்பாளிப் பாலிலிருந்து என்ஸைம் எடுக்கும் சின்ன நிறுவனமாகத் தொடங்கிய அதே பயோகான்தான். கியூபா நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த நிமோட்டுஸுமாப் என்ற மருந்தை இவர்கள் 2006-ல் இந்தியாவில் கொண்டுவந்தார்கள். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கான மருந்து அது. வாய், தொண்டைப் புற்றுநோய் செல்களின் சவ்வில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஒரு புரதம் அளவுக்கு மீறி நீட்டிக்கொண்டிருக்கும். 'வளரு, பிரி' என்ற உத்தரவை வெளியிலிருந்து வாங்கி உள்ளே அனுப்புவது அதன் வேலை. இந்த மருந்து ஒரு ஆன்டிபாடி. அந்தத் தலையின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. உத்தரவு உள்ளே போவதில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 536 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்து, வழக்கமான மருந்து, கதிர்வீச்சோடு இதையும் கொடுத்தால் நோய் திரும்புவது தள்ளிப்போகிறது என்று 2019-ல் வெளியிட்டார்கள். செல்லின் உள்ளே நுழையாமலே, மேலுறையில் உள்ள ஒரு சமாசாரத்தை மட்டும் தொட்டு இதைச் செய்ய முடிகிறது என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் ஒன்று. நம் செல்கள் ஒவ்வொன்றும் தனக்குள்ளே தயாராகும் புரதங்களின் சின்னத் துண்டுகளை எடுத்து, சவ்வுக்கு வெளியே ஒரு தாங்கியில் வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. எம்.எச்.சி. என்று அந்தத் தாங்கிக்குப் பெயர். எங்கள் ஆபீஸில் இன்ஸ்பெக்ஷன் வரும்போது ரிஜிஸ்டர்களை மேஜை மேல் பரப்பி வைப்போம், அது மாதிரி. இன்ஸ்பெக்டர்கள் யாரென்றால் ரத்தத்தில் சுற்றிவரும் டி செல்கள். அன்னியத் துண்டு ஒன்றைப் பார்த்தால் அந்தச் செல்லைக் கொன்றுவிடும். புற்றுநோய் செல்லின் சாமர்த்தியம் என்னவென்றால், அது நம்மிடமிருந்தே பிறந்தது. ரிஜிஸ்டரில் பெரும்பாலும் நம் கையெழுத்துதான் இருக்கும். போதாக்குறைக்குத் தாங்கிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். மேலே சயாலிக் அமிலம் என்ற சர்க்கரையை அதிகமாகப் பூசிக்கொள்ளும். இந்தச் சர்க்கரையைத் தொட்டுப் பார்த்தால் பாதுகாப்பு செல்கள் 'நம்ம ஆள்' என்று விட்டுவிடும். புற்றுநோய் செல் பல வருஷம் பிடிபடாமல் இருப்பதற்கு இந்த வேஷமும் ஒரு காரணம்.

இப்போது ராணிக்கெட் வைரஸ் இந்தச் செல்லுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்?

அதன் மேல் இரண்டு புரதங்கள் உண்டு. ஒன்று எச்.என்.; இன்னொன்று எஃப். எச்.என். அந்தச் சயாலிக் அமிலத்தைப் பிடித்துக்கொண்டு ஒட்டும். எஃப். வைரஸின் உறையையும் செல்லின் சவ்வையும் ஒன்றாக உருக்கி வழி செய்யும். உள்ளே போன வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வைக் கொடுத்து, செல்லின் தொழிற்சாலையிலேயே தன் புரதங்களைச் செய்யச் சொல்கிறது. புதிதாகத் தயாரான எச்.என்., எஃப். இரண்டும், நம் சொந்தப் புரதங்கள் போகும் அதே பாதையில் போய், செல்லின் சவ்வில் வந்து நிற்கின்றன. சில மணி நேரத்துக்குள் அந்த மேலுறை பாதி மனுஷ உறை, பாதி வைரஸ் உறை. புதிய வைரஸ்கள் அந்த இடத்திலேயே மொட்டு விட்டு, சவ்வில் ஒரு துண்டைக் கிழித்துப் போர்த்திக்கொண்டு கிளம்புகின்றன. நம் கொழுப்பால் ஆன சட்டையில் அவர்கள் பொத்தான்.

இதை ஆய்வுக்கூடத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். வைரஸ் தொற்றிய செல்களின் மேல் கொஞ்சம் சிவப்பணுக்களை விட்டால் அவை கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். தொற்றாத செல்லில் ஒட்டாமல் கழுவிக்கொண்டு போய்விடும். எங்கள் துறையில் டாக்டர்கள் கோழி ரத்தத்தை வைத்து இந்த மாதிரிப் பரிசோதனைகள் செய்வதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்ததுண்டு. அப்போது அர்த்தம் தெரியாது.

எச்.என்.னுக்கு இன்னொரு குணம் உண்டு: பிடிப்பது மட்டுமல்ல, வெட்டவும் செய்யும். மொட்டு விட்ட வைரஸ் அதே செல்லின் சர்க்கரையில் மறுபடி ஒட்டிக்கொண்டால் வெளியே போக முடியாதல்லவா? அதற்காக, சுற்றியிருக்கும் சயாலிக் அமிலத்தையெல்லாம் வெட்டித் தள்ளுகிறது. வைரஸ் தன் சௌகரியத்துக்காகத்தான் செய்கிறது. ஆனால் புற்றுநோய் செல் பூசிக்கொண்டிருந்த வேஷம் அதில் கலைந்துவிடுகிறது. எஃப். புரதமோ பக்கத்து வீட்டுச் சுவரையும் உருக்கி, பல செல்களை ஒன்றாக்கி, பல உட்கருக்கள் கொண்ட ஒரு பூதத்தை உண்டாக்குகிறது. அது அதிக நாள் தாங்காது. சாகும் தறுவாயில் அந்தச் செல், உள்ளே இருக்க வேண்டிய கால்ரெடிகுலின் என்ற புரதத்தை மேலுறைக்குத் தள்ளுகிறது. அது துப்புரவு செல்களுக்கு 'என்னைச் சாப்பிடு' என்று சொல்லும் சமிக்ஞை. வைரஸ் வந்த கலவரத்தில் சுரக்கும் இன்டர்ஃபெரான், குறைந்து கிடந்த எம்.எச்.சி. தாங்கிகளை மறுபடி ஏற்றிவிடுகிறது. ரிஜிஸ்டர் எல்லாம் மேஜைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல செல்லை இந்த வைரஸ் ஏன் விட்டுவிடுகிறது என்று கேட்பீர்கள். நல்ல செல்லில் இன்டர்ஃபெரான் ஏற்பாடு ஒழுங்காக இருக்கிறது. கோழி வைரஸை ஆரம்பத்திலேயே அடக்கிவிடும். பல புற்றுநோய் செல்களில் அந்த ஏற்பாடு பழுதாகியிருக்கும். பண்ணையில் வேலை செய்பவர்களுக்கு இந்த வைரஸ் பட்டால் நான்கு நாள் கண் சிவக்கும், அவ்வளவுதான். 1943-லேயே பர்னெட் இதை எழுதியிருக்கிறார்.

இதிலெல்லாம் எனக்கு மிகவும் பிடித்தது 1967-ல் வந்த ஒரு பரிசோதனை. இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான ஜான் லின்டன்மன், கிளைன் என்பவரோடு சேர்ந்து செய்தது. எலிகளின் புற்றுநோய் செல்களில் இன்ஃப்ளூயன்ஸா வைரஸைத் தொற்றவிட்டு, உடைந்த அந்தச் செல்களின் கூழை வேறு எலிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். பிறகு அந்த எலிகளுக்கு, வைரஸ் படாத சாதாரணப் புற்றுநோய் செல்லைச் செலுத்தினார்கள். அவை தாக்குப்பிடித்தன. வைரஸ் இல்லாத வெறும் கூழோ, வைரஸைத் தனியாகக் கலந்த கூழோ அப்படி உதவவில்லை. அதாவது, வைரஸ் புரதமும் புற்றுநோய்ப் புரதமும் ஒரே சவ்வில் அடுத்தடுத்து இருக்கும்போதுதான் உடம்பு இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. அன்னியனோடு கைகோத்து நின்றதால் நம் வீட்டுத் திருடனும் அடையாளம் தெரிந்துபோகிறான். ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் கோபயாஷி என்பவர் இதற்கு 'அன்னியமாக்குதல்' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார்.

ஆனால் வைரஸ் என்றாலே செல்லைக் காட்டிக்கொடுக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நேர் எதிராகச் செய்கிற வைரஸும் உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. அப்படிப்பட்டது. அதன் இ-5 என்ற புரதம், எம்.எச்.சி. தாங்கிகளைச் சவ்வுக்கு வரவிடாமல் உள்ளேயே நிறுத்தி வைக்கிறது. அதோடு, பழசாகி உள்ளே போய் அழிய வேண்டிய இ.ஜி.எஃப்.ஆர். தலைகளைத் திருப்பி மேலே அனுப்புகிறது. ரிஜிஸ்டர் மறைகிறது, வளரும் உத்தரவு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் இது பத்து, பதினைந்து வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வெளிப்படுகிறது. 2022-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இது புதிதாக வந்தது, சுமார் 80,000 பேர் இறந்தார்கள். நம் ஆத்துகளில் 'வயித்துல கட்டி' என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள். என் பெரியம்மா ஒருத்தர் போனதன் காரணம் முப்பது வருஷம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, 2023 முதல் புனே ஸீரம் நிறுவனத்தின் இந்தியத் தயாரிப்பே கிடைக்கிறது. ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் போடுவது உத்தமம். என் பேத்திக்குப் போட்டாயிற்று. "சின்னக் குழந்தைக்கு எதுக்கு இந்த ஊசி?" என்று முகம் சுளித்த மாமிக்கு, வைரஸ் வந்த பிறகு போட்டால் பிரயோஜனம் குறைவு என்று என் மாட்டுப்பெண்ணே பதில் சொல்லிவிட்டாள்.

அத்திம்பேர் விஷயத்துக்கு வருகிறேன்.

வைரஸ் பட்டுப் புற்றுநோய் கரைந்த கதைகள் பழையவை. 1912-ல் இத்தாலியில் டி பாஸே என்ற டாக்டர், நாய் கடித்து வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்ட ஒரு பெண்மணிக்குக் கருப்பை வாய்க் கட்டி சுருங்கியது என்று எழுதினார். 1971-ல் லான்ஸெட் பத்திரிகையில் சாடரி என்ற ஹங்கேரிய டாக்டர் எழுதிய கடிதம் இன்னும் பிரசித்தம்: வயிற்றுப் புற்றுநோய் பரவிய ஒரு கோழிப்பண்ணைக்காரருக்கு, பண்ணையில் இந்த நோய் வந்த சமயத்தில் கட்டிகள் குறைந்தன. அந்த வெளிநாட்டு க்ளினிக்கின் விளம்பரத்தில் இந்தப் பண்ணைக்காரர்தான் முதல் பக்கத்தில் இருந்தார். கதை பொய்யில்லை. ஆனால் அது ஒரு ஆள்.

பிறகு முறையாகச் செய்த ஆராய்ச்சிகளைத் தேடினேன். அமெரிக்காவில் 79 நோயாளிகளுக்கு இந்த வைரஸை நரம்பு வழியாகச் செலுத்தி 2002-ல் வெளியிட்டிருந்தார்கள். கட்டி தெளிவாகச் சுருங்கியது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் விஞ்ஞானிகளின் முறை இன்னும் நுட்பமானது. ஆபரேஷனில் எடுத்த நோயாளியின் சொந்தப் புற்றுநோய் செல்களைக் கதிர்வீச்சால் செயலிழக்கச் செய்து, ராணிக்கெட் வைரஸைத் தொற்றவிட்டு, மேலுறை மாறிய அந்தச் செல்களையே தோலுக்குள் ஊசியாகப் போடுவது. லின்டன்மன் எலிகளுக்குச் செய்ததை மனுஷருக்குச் செய்வதுபோலத்தான். அத்திம்பேரைப் போலவே குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி, அதையும் வெட்டி எடுத்த சுமார் 50 பேரிடம் இதைச் சோதித்து 2009-ல் எழுதினார்கள். மொத்தமாகப் பார்த்தால் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. பெருங்குடல் நோயாளிகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் நன்மை தெரிந்தது. இந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன்! அத்திம்பேருக்கும் பெருங்குடல்தான். ஆனால் அவ்வளவு சின்ன எண்ணிக்கையை மேலும் பிரித்தால் வரும் விடையை நம்பி ஒரு வீட்டை விற்கலாமா? அதோடு, அத்திம்பேரின் கல்லீரல் புள்ளிகள் வெட்டி எடுக்கும் நிலையில் இல்லை.

அந்த க்ளினிக்குக்கு ஈமெயில் எழுதினேன். எந்த வகை வைரஸ், எந்தப் பதிவேட்டில் உங்கள் ஆராய்ச்சி பதிவாகியிருக்கிறது, இதுவரை சிகிச்சை பெற்றவர்களின் முடிவுகளை எந்தப் பத்திரிகையில் வெளியிட்டீர்கள் என்று கேட்டேன். நம் நாட்டில் 2009 ஜூன் முதல் எந்த மருந்துப் பரிசோதனையையும் பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் தொடங்க வேண்டும். பரிசோதனைக்கான செலவை நோயாளியிடம் வாங்கக் கூடாது என்று மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் நெறிமுறையும் இருக்கிறது. அதை மனதில் வைத்துத்தான் கேட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. மாத முடிவுக்குள் முன்பணம் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி!

முப்பத்தேழு வருஷம் கொட்டேஷன் பார்த்தவனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டுமா? அத்திம்பேருக்குப் போன் செய்து, "விஷயம் நிஜம், வியாபாரம் நிஜமில்லை. வேண்டாம் அத்திம்பேர்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரிடா" என்று வைத்துவிட்டார். இங்கேயே கீமோதெரபி எடுத்துக்கொண்டார். பதினான்கு மாதம் இருந்தார். பதிமூன்றாம் நாள் சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அந்த உறவுக்காரப் பையன் எல்லோர் எதிரிலும், "மாமா மட்டும் தடுக்காம இருந்திருந்தா…" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. அக்கா தலை குனிந்து வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் பல வருஷம் அந்தப் பையன் என்னோடு பேசவில்லை. 2025-ல் ஒரு நாள், ஒரு வரிகூட எழுதாமல், ஒரு கட்டுரையை மட்டும் எனக்கு அனுப்பியிருந்தான். 'செல்' என்ற உயர்ந்த விஞ்ஞானப் பத்திரிகையில் அந்த வருஷம் ஜனவரியில் வந்தது. சீனாவில் குவாங்ஷி மாநில விஞ்ஞானிகள் எழுதியது. மருந்து என்ன தெரியுமா? அதே ராணிக்கெட் வைரஸ்.

மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். பன்றியின் உறுப்பை மனுஷனுக்கு வைத்தால் நம் உடம்பு நிமிஷங்களில், மணிகளில் அதை அழித்துவிடும். பன்றி செல்களின் மேல் ஆல்ஃபா-கேல் என்ற ஒரு சர்க்கரை இருக்கிறது. மனித இனத்தில் அது கிடையாது. நம் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் மூலம் அதற்கு எதிரான ஆன்டிபாடி நம் எல்லோர் ரத்தத்திலும் பிறந்ததிலிருந்து ஏராளமாகச் சேர்ந்திருக்கிறது. இந்த விஞ்ஞானிகள் அந்தச் சர்க்கரையைச் செய்யும் பன்றி ஜீனை எடுத்து ராணிக்கெட் வைரஸுக்குள் வைத்தார்கள். வைரஸ் தொற்றிய புற்றுநோய் செல் தன் மேலுறையில் பன்றிச் சர்க்கரையைப் பூசிக்கொள்கிறது. உடம்பு அதைப் பன்றி உறுப்பு என்றே நினைத்துத் தாக்குகிறது. வேறு சிகிச்சைகள் கைவிட்ட 20 பேரில் 90 சதவீதம் பேருக்கு நோய் சுருங்கியோ மேலே வளராமலோ நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். நின்றது என்றால் குணமானது என்று அர்த்தமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவும் அதில் கிடையாது. இருந்தாலும் சாமானிய விஷயமில்லை.

படித்து முடித்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி, நான் அன்றைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேனா என்பதுதான். யோசித்துப் பார்த்தேன். அந்த க்ளினிக் விற்றது இது இல்லை. பன்றி ஜீனும் இல்லை, பதிவும் இல்லை, கணக்கும் இல்லை. ராணிக்கெட் வைரஸுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுவரை எந்தப் புற்றுநோய்க்கும் அனுமதி தரவில்லை. 2015-ல் அவர்கள் அனுமதித்தது தோல் புற்றுநோய்க்கான, மாற்றியமைத்த ஹெர்பிஸ் வைரஸைத்தான். ஆகவே கணக்குப்படி நான் சொன்னது சரி. கணக்குப்படி என்றுதான் சொல்ல முடிகிறது.

நம் ஊர்ப் பக்கமே இப்போது வேறொரு திசையில் வேலை நடக்கிறது. ஹெப்பகோடிக்கு அடுத்த மெட்ரோ ஸ்டேஷன் பொம்மசந்திரா. அங்கே நாராயணா ஹெல்த் ஸிட்டி வளாகத்தில் உள்ள இம்யுனீல் என்ற நிறுவனம், 2025 ஜனவரியில் கார்டெமி என்ற சிகிச்சையைக் கொண்டுவந்தது. இதிலும் வைரஸ் உண்டு, சவ்வு மாறுவதும் உண்டு. ஆனால் மாறுவது புற்றுநோய் செல்லின் சவ்வு அல்ல. நோயாளியின் டி செல்களை ரத்தத்திலிருந்து எடுத்து, பல் பிடுங்கிய ஒரு வைரஸ் மூலம் புதிய ஜீனைக் கொடுத்தால், அவற்றின் மேலுறையில் ஒரு புதிய கொக்கி முளைக்கிறது. ஒரு வகை ரத்தப் புற்றுநோயின் செல்களில் உள்ள சி.டி.-19 என்ற புரதத்தை அந்தக் கொக்கி பிடிக்கும். இன்ஸ்பெக்டருக்கே புதுக் கண்ணாடி போட்டு அனுப்புகிறார்கள். இதற்கு முன்பே 2023 அக்டோபரில், மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்-19-க்கு அனுமதி கிடைத்துவிட்டது. இவை ரத்தம், நிணநீர் சம்பந்தப்பட்ட சில புற்றுநோய்களுக்குத்தான். அத்திம்பேருக்கு வந்தது போன்ற கட்டிகளுக்கு அல்ல. செலவும் பல லட்சம். உறவினர் யாருக்காவது சிபாரிசு செய்யும் முன் எந்த வகை நோய் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன மாதம் கும்பகோணம் போயிருந்தேன். அக்கா அந்த வீட்டில்தான் இருக்கிறாள்; முன்பக்கத்தை ஒரு டியூஷன் டீச்சருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். சீனாக்காரர்களின் கட்டுரையைப் பற்றி அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தயங்கிவிட்டு, சொன்னேன். வைரஸ், சவ்வு, பன்றிச் சர்க்கரை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"நீ வேண்டாம்னு போன்ல சொன்ன அன்னிக்கு, அவர் உடனே தரகரைக் கூப்பிட்டு வீடு விக்கறதா இல்லைன்னுட்டார். அப்புறம் உள்ளே வந்து, 'காப்பி குடு'ன்னார். ஒரு மாசமா அவர் வாய் திறந்து எதையும் கேட்டுச் சாப்பிடலைடா. அன்னிக்குக் கேட்டார்."

இதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பையனுக்கு நேற்று ஈமெயில் எழுதினேன். கட்டுரையில் எனக்குப் புரியாத இரண்டு இடங்களைக் குறிப்பிட்டு, அவனுக்குத் தெரிந்தால் விளக்கும்படி கேட்டிருக்கிறேன்.

செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.